ஓரம் அழிந்த படம்

அத்தியாயம் பதினேழு

காலை எட்டே காலுக்கு ஃபோகஸின் கைபேசியில் ஒரு பாதம் வந்து விழுந்தது.

பாதம் மட்டும்தான். கீழே ஒரு வார்த்தை இல்லை. உள்ளங்காலின் முன்பக்கம், கட்டைவிரலுக்குக் கொஞ்சம் கீழே, கருப்பாக ஒன்று. பக்கத்தில் அளவுக்கு ஒரு சட்டைப் பொத்தான். மற்றவர்கள் நாணயம் வைப்பார்கள், பேனா மூடி வைப்பார்கள். பொத்தான் வைப்பவள் தையல் அத்தை ஒருத்திதான்.

ஃபோகஸ் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

நாற்பத்து மூன்று வயது ஆள். கல்யாணங்களில் படம் எடுத்துப் பிழைத்தவன். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு உதவியாளரைப் பார்த்து 'ஃபோகஸ், ஃபோகஸ்' என்று தொண்டை கிழியக் கத்தியதில் வந்த பேர் அது. தொற்று வந்தது, கல்யாணங்கள் நின்றன, ஸ்டுடியோவின் ஷட்டர் இறங்கியது. அதே மாதம் அக்காவின் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அக்கா தோல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. அவர் போன நாளிலிருந்து கிளினிக்குக்குப் பூட்டு. பதினாலு மாதமாக அக்கா யாருடைய தோலையும் தொட்டதில்லை. நோயாளிகள் படம் அனுப்புவார்கள். ஃபோகஸ் கிளினிக்கை ஒட்டிய கீழ் அறையில் உட்கார்ந்து வாங்குவான், கம்ப்யூட்டரில் போட்டு ஒழுங்கு செய்வான், பேர், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்று நோட்டில் எழுதிக்கொண்டு மேலே அனுப்புவான். அக்கா பார்த்து மருந்து எழுதுவாள். வைத்தியம் முடிந்தது. மாஸ்க் உரசிய மூக்கு, சானிடைசரில் வெடித்த கை, காய்ச்சலுக்குப் பிறகு கொத்தாகக் கொட்டும் முடி. ஊரே தன் தோலை அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

தையல் அத்தை மட்டும் வேறு கணக்கு. அவள் அக்காவின் நாத்தனார், இறந்தவருக்குத் தங்கை. அக்காவின் மகள் 'அத்தை, அத்தை' என்று கூப்பிட்டு மொத்த வீட்டுக்கும் அந்தப் பேரைப் பழக்கிவிட்டு வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அத்தை அக்காவைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "உங்க கிளினிக்லேருந்துதான் என் அண்ணனுக்கு வந்துச்சு." அதோடு சரி. இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

எட்டு வாரம் முன்னால்தான் முதல் தடவையாக ஃபோகஸுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'கால்ல கருப்பா ஒண்ணு. போக மாட்டேங்குது. அவங்ககிட்ட கேட்டுச் சொல்லு.' அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தக்கட்டு. மிஷின் மிதிக்கிற காலுல்ல. தோல் வளர வளரத் தானா வெளிய வந்துடும்னு சொல்லு" என்றாள். அவன் சொன்னான். அத்தை பதில் போடவில்லை.

இப்போது இந்தப் பாதம்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. ஃபோகஸ் படத்தைக் கைபேசியிலிருந்து அப்படியே மேலே தள்ளிவிட்டான்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"டேய்! மேல வா!"

அக்கா சத்தமாகக் கூப்பிடுகிறவள் இல்லை. அவன் இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்திருந்தாள். திரையில் இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் எட்டு வாரத்துக்கு முந்தையது. வலது பக்கம் இன்று வந்தது.

"பாரு."

இடது பக்கத்தில் சின்ன வட்டம். பொத்தான் அளவுகூட இல்லை. கத்தரித்து ஒட்டியது மாதிரி சுத்தமான ஓரம். வலது பக்கத்தில் அதே கருப்பு, ஆனால் அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கறை. ஈரத் துணியில் மை பட்டால் ஊறிப் போகுமே, அப்படி. ஒரு பக்கம் விரல்வரை போயிருந்தது.

"எட்டு வாரம்," என்றாள் அக்கா. "எட்டு வாரத்துல இவ்வளவு தூரம் போயிருக்கு. இந்த வேகத்துல எதுவும் போகக் கூடாதுடா."

"என்னக்கா அது?"

"புத்துநோயா இருக்கலாம். தோல்ல வர்றதுலயே மோசமானது."

ஃபோகஸ் இடது பக்கப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஓரம் அவனுக்குப் பழக்கமான ஓரம். எங்கேயோ பார்த்த ஓரம் இல்லை, ஆயிரம் தடவை பார்த்த ஓரம். அது தோலில் வருகிற ஓரமே இல்லை. அவன் செய்த ஓரம்.

படிப்பக்கம் திரும்பினான்.

"எங்கடா போற?"

"கீழ போன்ல ஒரு கால் வருதுக்கா."

பொய். கைபேசி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டான். எட்டு வாரத்துக்கு முன்னால் அத்தை அனுப்பிய செய்தியைத் தேடி எடுத்தான். வந்தபடியே இருந்த மூலப் படம். பெரிதாக்கினான்.

பழுப்புக் கறை இருந்தது. அன்றைக்கே இருந்தது. விரல்வரை.

நடந்தது இதுதான். படம் அனுப்பும் வைத்தியம் தொடங்கிய முதல் மாதம், "என்னடா எல்லாம் கிணத்துக்குள்ள உக்காந்து எடுத்த மாதிரி இருக்கு?" என்று அக்கா சலித்துக்கொண்டாள். ஃபோகஸ் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். பன்னிரண்டு வருஷமாக மணப்பெண்களின் முகத்துக்குப் போட்டுப் போட்டு ஒரு செட்டிங் வைத்திருந்தான். வெளிச்சத்தைக் கூட்டும், மஞ்சளைக் குறைக்கும், தோலில் இருக்கும் லேசான பழுப்புத் திட்டுகளைத் துடைத்துவிடும். கருமையான மச்சத்தை மட்டும் தொடாது. ஒரு தடவை மச்சத்தை எடுத்துவிட்டு, 'இது எங்க பொண்ணே இல்ல' என்று ஆல்பத்தை அவன் மூஞ்சியில் வீசியிருக்கிறார்கள். சிவப்பையும் தொடாது. தொட்டால் உதடு வெளுத்துவிடும்.

அந்த செட்டிங்கைக் கம்ப்யூட்டரில் தானாக ஓடும்படி போட்டுவிட்டான். உள்ளே வரும் படமெல்லாம் அதற்குள் புகுந்துதான் அக்காவுக்குப் போனது.

இந்தக் காலத்தில் வந்ததில் பெரும்பாலும் சிவப்பு வியாதி. அரிப்பு, தடிப்பு, வெடிப்பு. செட்டிங் சிவப்பை விட்டுவிட்டதால் ஒன்றும் தெரியவில்லை. 'இப்பதான்டா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு' என்று அக்கா பாராட்டக்கூடச் செய்தாள். அத்தையின் பாதம் வந்தபோதும் செட்டிங் தன் வேலையைச் செய்தது. நடுவில் இருந்த கருப்பை மச்சம் என்று விட்டது. சுற்றியிருந்த பழுப்பை அழுக்கு என்று துடைத்தது.

மணப்பெண் மாதிரி ஒரு பாதம் மேலே போனது. இன்றைக்குக் கரண்ட் இல்லாததால் துடைபடாத பாதம் போயிருக்கிறது.

கட்டைவிரல் திரைமேல் நின்றது. ஒரு அழுத்து அழுத்தினால் மூலப் படம் போய்விடும். அக்காவிடம் இருப்பது துடைத்த படம். அத்தை தன் கைபேசியில் பழசை வைத்துக்கொள்கிறவள் இல்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. அத்தையை எப்படியும் இன்றைக்கு சர்ஜனிடம் அனுப்பத்தான் போகிறார்கள். சொன்னால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது?

இப்படித்தான் யோசித்தான். பெரிய வில்லன் மாதிரியெல்லாம் இல்லை. பல்வலிக்காரன் டாக்டரைத் தள்ளிப் போடுகிற மாதிரி.

அழிக்கவில்லை. சொல்லவும் இல்லை. கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அவளுக்குப் போன் போடு. இன்னிக்கே வரணும். இங்க."

"இங்கயா? கிளினிக்கா?"

"பின்ன நடுரோட்லயா? திற."

ஏழு தடவை மணி அடித்த பிறகுதான் அத்தை எடுத்தாள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம்.

"சொல்லு."

"அத்தை, ஒரு பதினோரு மணிக்கு இங்க வர முடியுமா? அக்கா கால நேர்ல பாக்கணும்னு சொல்லுது."

மிஷின் நின்றது.

"டாக்டரம்மாவுக்கு என்ன திடீர்னு என் கால் மேல கரிசனம்? ரத்தக்கட்டுன்னுதானே சொன்னாங்க?"

"இல்லத்தை, நேர்ல பாத்தா நல்லதுன்னு..."

"நூத்தம்பது மாஸ்க் சாயந்திரத்துக்குள்ள குடுக்கணும். அடுத்த வாரம் பாப்போம்."

"அத்தை, இன்னிக்கு."

"என்னடா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

"சளியா? அப்ப நான் சத்தியமா வர மாட்டேன்."

"சளி இல்ல அத்தை, சும்மா சொன்னேன்! வாங்க. உங்க அண்ணன் மேல ஆணையா வாங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவனை இழுக்காத," என்றாள் அத்தை. அப்புறம், "வரேன். படி ஏற மாட்டேன். கீழயே பாத்துட்டு அனுப்பிடணும்."

கிளினிக்கைத் திறந்தபோது பூட்டிய அறையின் வாடையும் காலாவதியான களிம்பின் வாடையும் சேர்ந்து அடித்தன. சுவர்க் காலண்டர் பதினாலு மாதம் பின்தங்கி நின்றது. ஃபோகஸ் ஜன்னல்களைத் திறந்தான், தரையைத் துடைத்தான், பரிசோதனைக் கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டான். கை வேலை செய்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை மாடிப்படிவரை போய்த் திரும்பி வந்தான்.

அக்கா இறங்கி வந்தாள். இரண்டு மாஸ்க், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கையுறை, நீளமான கவுன். வாசல்படியிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"சர்ஜன்கிட்ட பேசிட்டேன்," என்றாள் மேசை முன் உட்கார்ந்து. "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. லெட்டர் எழுதணும்."

"என்ன சொன்னாரு?"

"எட்டு வாரத்துல இவ்வளவு பரவியிருக்குன்னேன். இந்த வேகம்னா நான் பெரிசா நம்பிக்கை குடுக்க மாட்டேன், வீட்டு ஆளுங்களைத் தயார் பண்ணிடுங்கன்னாரு."

பேனா காகிதத்தில் ஓடியது. ஃபோகஸ் எட்டிப் பார்த்தான். முதல் வரியிலேயே இருந்தது. எட்டு வாரத்தில் வேகமான பரவல்.

"அக்கா..."

"என்ன?"

வாசலில் ஆட்டோ நின்றது.

தையல் அத்தைக்கு நாற்பத்தேழு வயது. மெலிந்த உடம்பு, கூர்மையான கண். ஊசியில் நூல் கோக்க இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை என்பது அவளுடைய பெருமை. தானே தைத்த பூப்போட்ட மாஸ்க் கட்டியிருந்தாள். நொண்டாமல் நடக்கிறேன் என்று காட்டுவதற்காகவே அழுத்தி மிதித்து வந்தாள்.

உள்ளே வந்ததும் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னது இது, நிலாவுக்கா போறீங்க?"

அக்கா சிரிக்கவில்லை. "கட்டில்ல படு. குப்புற."

"வந்தவளை உக்காருன்னுகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"படுத்தா உக்காந்த மாதிரிதான். படு."

அத்தை படுத்தாள். பாதம் கட்டில் ஓரத்தில் மேல்நோக்கி நின்றது. அக்கா விளக்கு வைத்த கைலென்ஸை எடுத்தாள். கை நடுங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு மாதத்துக்கு அப்புறம் முதல் தோல். லென்ஸ் பாதத்தில் பதிந்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. பழகிய கைக்கு வேலை கிடைத்துவிட்டால் பயம் ஒதுங்கி நிற்கும் போல.

உள்ளங்காலில் விரல்ரேகை மாதிரியே மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். கருமை பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. மேட்டில் ஓடினால் பயம். அக்கா நெடுநேரம் பார்த்தாள்.

ஃபோகஸ் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் தோள் இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. மேட்டில்தான் ஓடுகிறது.

முழங்கால் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். திரும்பிப் படுக்கச் சொல்லி, நோய் பரவியிருக்கிறதா என்று தொடை இடுக்கை அழுத்திப் பார்த்தாள். "இங்க வலிக்குதா? இங்க? கட்டி மாதிரி எதாச்சும் தட்டுப்பட்டுச்சா?"

"இல்ல. என்னன்னு சொல்லுங்க."

"சொல்றேன். முதல்ல நீ சொல்லு. இந்தப் பழுப்பு ஓரம் எப்பலேருந்து பரவ ஆரம்பிச்சுது?"

"பரவ ஆரம்பிச்சுதா? அது முதல்லேருந்தே அப்படித்தானே இருக்கு."

"இல்ல. போன தடவை வெறும் வட்டம்."

"யாரு சொன்னது?"

"உன் போட்டோ சொல்லுது. இதோ."

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். அக்கா டேப்லெட்டை நீட்டினாள். அத்தை வாங்கிப் பார்த்தாள், கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"இது என் கால்தான். பொத்தான் என்னுதுதான். ஆனா இப்படி இல்லையே."

"உனக்கு மறந்திருக்கும். பேஷண்ட்டுங்க எல்லாரும் அப்படித்தான், இன்னிக்குப் பாக்கறதை அன்னிக்கே பாத்த மாதிரி நெனைச்சுக்குவாங்க. ஞாபகம் தப்பும், படம் தப்பாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு யாரு சொன்னது? தப்பா ஞாபகம் வச்சிருக்கேன்னு சொல்றேன்."

"தையல் அரை நூல் கோணலா ஓடினாலே என் கண்ணுக்குத் தெரியும். என் கால்ல இருக்கறது தெரியாதா?"

"சர்ஜனுக்கு நான் சரியா எழுதணும். எட்டு வாரம் முன்னாடி இது வட்டம். இன்னிக்கு இப்படி. இதுக்கு மேல என்ன வேணும்?"

அத்தை மறுபடியும் படத்தைப் பார்த்தாள். கோபம் மெல்ல இறங்கியது. அவள் கண்ணை ஒரு தடவை கசக்கிக்கொண்டாள்.

"அப்படின்னா..." என்றாள் சின்னக் குரலில். "என் கண்ணுதான் போயிடுச்சா? கால்ல இருந்ததையே சரியாப் பாக்கலையா நான்?"

ஃபோகஸால் தாங்க முடிந்தது அதுவரைக்கும்தான்.

"கண்ணு சரியாத்தான் இருக்கு அத்தை."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அவன் கைபேசியை எடுத்து மூலப் படத்தைத் திறந்து கட்டில்மேல் வைத்தான். கையில் கொடுக்கத் தைரியம் இல்லை.

"இதுதான் அவங்க அனுப்பினது. நான்தான் துடைச்சேன்."

"துடைச்சியா? என்னத்தை?" என்றாள் அக்கா.

சொன்னான். கிணறு, மணப்பெண், மச்சம், சிவப்பு, பழுப்பு, எல்லாம். மூச்சு விடாமல் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மை.

அக்கா முகத்தடுப்பைக் கழற்றினாள். கைபேசியையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

முதலில் பேசியது அத்தைதான்.

"என் காலுக்கு மேக்கப் போட்டியாடா?"

ஃபோகஸ் தலையாட்டினான்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு யாரும் மேக்கப் போட்டதில்ல. கடைசில காலுக்குப் போட்டிருக்க." சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. "எட்டு வாரம்டா. எட்டு வாரம் அந்தக் காலால மிஷின் மிதிச்சிருக்கேன்."

"அடிச்சுடுங்க அத்தை."

"அடிக்கறதா? உன்னை அடிச்சா ஓரம் போயிடுமா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுதி வைத்த கடிதத்தை எடுத்து நடுவில் கிழித்தாள். புதுக் காகிதம் எடுத்தாள்.

"நீ மட்டும் இல்ல," என்றாள் அவனைப் பார்க்காமல். "பாதத்துல கருப்புன்னா போட்டோவுல முடிவு பண்ணக் கூடாது. படிப்பு முடிக்காத பிள்ளைக்கே தெரியும் அது. எனக்குத் தெரியாதா? அன்னிக்கே இவளை வரச் சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றாள் அத்தை.

"பயம்."

"நோய்க்கா?"

"உனக்கு."

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

அக்கா எழுதினாள். எழுத எழுத வாய்விட்டு வாசித்தாள். முதல் படத்திலேயே இதே அளவு இருந்தது. எட்டு வாரத்தில் குறிப்பிடும்படியான வளர்ச்சி இல்லை. மாற்றப்பட்ட படத்தை வைத்து, நேரில் பார்க்காமல், என்னால் தவறாகக் கணிக்கப்பட்டது. கீழே கையெழுத்துப் போட்டு, தன் பதிவு எண்ணையும் எழுதினாள்.

"இதை எழுதினா உங்க வேலைக்கு எதாச்சும் வருமா?" என்றாள் அத்தை.

"வரலாம்."

"எழுதாம விட்டா?"

"உனக்கு வேகமா பரவற வியாதின்னு நெனைச்சு அவரு முடிவெடுப்பாரு. இது மெதுவா போறது. அதுல கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. கொஞ்சம்தான். எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு வெட்டிப் பாத்தாதான் தெரியும்."

"கால் போயிடுமா?"

"தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

அத்தை கடிதத்தை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு அக்கா ஃபோகஸ் பக்கம் திரும்பினாள். அவன் இந்தக் கேள்விக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தான். ஆனால் கேள்வியாகத் தன்னையே கேட்டுக்கொள்ளும் தைரியம் இல்லாமல் இருந்தான்.

"எத்தனை படம்?"

"என்ன?"

"எத்தனை படத்தைத் துடைச்ச?"

"எல்லாத்தையும்."

"ஒரிஜினல்?"

"மூணு மாசத்துக்கு முந்தினதெல்லாம்... போன்ல இடம் இல்லைன்னு அழிச்சுட்டேன்க்கா."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "நோட்டை எடு. கருப்பு, பழுப்பு, மச்சம், நகம். இந்த நாலுல எது எழுதியிருந்தாலும் பேரைக் குறி. ஒருத்தரை விடாம நேர்ல வரச் சொல்லணும். இப்ப. உக்காரு."

இருபத்து மூன்று பேர் தேறினார்கள்.

ஃபோகஸ் முதல் எண்ணை அழுத்தினான். "சார், தோல் டாக்டர் கிளினிக்லேருந்து பேசறேன். போன வருஷம் முதுகுல மச்சம்னு படம் அனுப்பியிருந்தீங்க. ஒரு தடவை நேர்ல வந்தீங்கன்னா..."

"ஏன்? அப்ப ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே? இப்ப கிளினிக்குக்குக் கூட்டம் வேணுமா?" வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் யோசிப்பதாகச் சொன்னார். மூன்றாவது ஆள், தொற்று முழுசாக ஒழியட்டும் என்றார். நாலாவது பெண், 'என்னன்னு சொல்லுங்க, பயமா இருக்கு' என்று அழ ஆரம்பித்தாள். ஃபோகஸ் மென்று முழுங்கினான். "பயப்பட ஒண்ணுமில்ல மேடம், சும்மா ஒரு..."

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு கைபேசியைப் பிடுங்கியது.

"இந்தாம்மா, அழாத, கேளு," என்றாள் தையல் அத்தை. "நானும் உன்னை மாதிரி பேஷண்ட்டுதான். இங்க படத்தைத் தப்பாப் பாத்துட்டாங்க. எனக்குத் தப்பாப் போச்சு. உனக்கும் தப்பாப் போயிருக்கலாம், சரியாவும் இருந்திருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்க வா. நாளைக்குப் பத்து மணிக்கு. வரும்போது முழுக்கை போடாத, பாக்க வசதியா இருக்கட்டும்." வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "சும்மாவாம் சும்மா. சும்மான்னு சொன்னா எவன்டா ஆட்டோ பிடிச்சு வருவான்?"

"நீங்க வீட்டுக்குப் போங்கத்தை. ரெஸ்ட் எடுங்க."

"வீட்ல போய்ச் சுவத்தைப் பாக்கவா? அடுத்த நம்பரைப் போடு. உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனைச்சுக்காத."

"நெனைக்கல."

"நல்லது."

அத்தை பேசினாள், ஃபோகஸ் எண்களை அழுத்தினான், அக்கா நேரம் ஒதுக்கி எழுதினாள். கரண்ட் வந்தது, போனது. முதலில் வைத்துவிட்ட முதுகு மச்சக்காரருக்கு அத்தை மறுபடியும் போட்டு, அவர் மனைவியிடம் கைபேசியைக் கொடுக்கச் சொல்லி, இரண்டே வாக்கியத்தில் காரியத்தை முடித்தாள். நாலு மணிக்குள் இருபத்தியிரண்டு பேர் வருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

மிச்சம் ஒருத்தர். லாரி டிரைவர். ஐம்பத்தாறு வயது. இடது கட்டைவிரல் நகத்தில் கருப்புக் கோடு, ஏழு மாதத்துக்கு முன்னால் அனுப்பியது. மூலப் படம் அழிந்த கூட்டத்தில் அதுவும் ஒன்று. துடைத்த படத்தை அக்கா திரையில் திறந்தாள். நகத்தில் நேராக, ஒல்லியாக ஒரு கோடு. நகத்தைச் சுற்றிய தோல் வெண்ணெய் மாதிரி சுத்தமாக இருந்தது. ஐம்பத்தாறு வயது டிரைவரின் விரல் அப்படி இருக்க வழியே இல்லை.

"கருப்பு நகத்தைத் தாண்டிப் பழுப்பாத் தோலுக்கு வந்திருந்தா அதுதான் மோசம்," என்றாள் அக்கா மெதுவாக. "வந்திருந்துச்சான்னு இதுல தெரியாது. இனிமே எதுலயும் தெரியாது."

அத்தை கைபேசிக்குக் கை நீட்டினாள். ஃபோகஸ் கொடுக்கவில்லை.

"இதை நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். டிரைவரின் மனைவி.

"அவரு லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காருங்க. திரும்ப பன்னெண்டு நாளாகும். அந்தப் பக்கம் டவர் இருக்காது. யாருங்க?"

"தோல் டாக்டர் கிளினிக்லேருந்து. அவரு விரல்ல ஒரு கோடு..."

"ஓ, அதுவா!" குரல் மலர்ந்தது. "டாக்டரம்மா நல்லா இருக்காங்களா? அவங்க புண்ணியத்துல மனுஷன் நிம்மதியா இருக்காருங்க. நடுவுல விரல் வீங்கி லேசா சீழ் வச்சுது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நான் அடிச்சுக்கிட்டேன். டாக்டரம்மாவே ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, நீ ஏன்டி பயப்படறேன்னுட்டாரு. அந்தச் சீட்டை லாரிலயே ஒட்டி வச்சிருக்காரு."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அத்தை அவள் முழங்கையைப் பிடித்தாள்.

ஃபோகஸ் கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுபோனான்.

"அம்மா, அந்தச் சீட்டு தப்பு."

"என்னங்க?"

"அது தப்பும்மா. அவரைப் பன்னெண்டு நாள் விடக் கூடாது. எந்த வழியா போறாரு, எங்கெங்க நிறுத்துவாரு, யாரு மூலமா ஆள் பிடிக்கலாம், எல்லாம் எனக்குச் சொல்லுங்க. நான் கிளம்பறேன்."

அந்தப் பக்கம் குரல் மாறி வந்தது. சந்தேகமும் பயமுமாக.

"நீங்க முதல்ல யாருங்க? டாக்டரா?"

"இல்லம்மா," என்றான். "அந்தப் படத்தைக் கெடுத்தவன்."